கோட்டுக்கு அங்கிட்டு

செல்லூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு நூல் கிட்டங்கி.
அதன் முன்சுவர் முப்பதடி, வெள்ளை, விரிசல் இல்லை,
எதிரே காலி மனை.
இதைவிட நேரான சுவர் எனக்குத் தெரிந்து மதுரையில்
கோயிலைச் சுற்றித்தான் இருக்கிறது.
அங்கே சாக்பீஸால் எண் எழுத விடமாட்டார்கள்.

நடுவில் ஒரு பூஜ்யம்.
அங்கிருந்து இடமும் வலமும்
சாணுக்கொரு கோடு, கோட்டுக்கொரு எண்,
இருபது வரை.
டேப்பின் மறுமுனையை அந்தோணிராஜ் பிடித்திருந்தான்,
ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் முகத்தில் மிச்சமிருக்க.

கேமரா ஆறுக்கு ஏழு.
சுருளுக்குப் பத்தே படம்.
(நாலு பிரியாணி என்பான் அந்தோணிராஜ்,
சுருளின் விலையை.)
பார்க்கிற கண்ணாடி வேறு, வாங்குகிற கண்ணாடி வேறு,
நடுவே மூன்று விரற்கடை.
பார்க்கிற கண்ணாடிக்குள் மிதக்கும் வெள்ளைச் சட்டம்
இவ்வளவுதான் விழும் என்கிறது.
அந்த வாக்கை அளக்கத்தான் வந்திருந்தேன்.

மூன்றடியில் ஒன்று. பத்தடியில் ஒன்று.
மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு பூஜ்யங்கள்
தள்ளாடி ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்குள்
தெரு கூடிவிட்டது.

முக்காலி, டேப்பு, சுவரில் எண்.
பக்கத்துத் தெருவில் இப்படி எழுதிப் போன பத்தாம் நாள்
ஜேசிபி வந்ததாம்.
"எம்புட்டு அடி எடுக்கிறாக?"
"ரோட்டுக்கா, பாலத்துக்கா?"
வெறும் கேமராதான் என்றேன்.
"அதான் தம்பி. போட்டோ எடுத்துட்டுத்தான இடிப்பாக."

சந்தனமாரிதான் சரியாகக் கேட்டாள்.
மாவு ஒட்டிய கையை நீட்டி,
சுவர் முடிகிற இடத்தில் தொடங்கும்
தன் வீட்டுப் படியைக் காட்டி:
"எங்க படி கோட்டுக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"

காலி மனையில் பதினைந்து தப்படி பின்வாங்கியிருந்தேன்.
குனிந்து பார்த்தேன்.
இடப்பக்கம் சட்டம் பதினெட்டில் நின்றது.
"அங்கிட்டு. வெளியதான் இருக்கு, பயப்படாதீங்க."
சொல்லிவிட்டு அமுக்கினேன்.

ராத்திரி குளியலறையில் கழுவி,
துணிக்கொடியில் தொங்கவிட்டு,
காய்ந்தபின் லென்ஸ் வைத்து எண்ணினேன்.
மூன்றடி: சொன்னது இரண்டு, விழுந்தது இரண்டு.
பத்தடி: சொன்னது ஐந்து, விழுந்தது ஐந்தரை.
பதினைந்து தப்படி:
சொன்னது பதினெட்டு.
விழுந்தது பத்தொன்பது, இருபது,
அதற்கப்புறம் எண் இல்லை,
படி. படிமேல் அவள்.
நெகடிவில் அந்த மாவு
கரியாய் அப்பியிருந்தது கையில்.

அடுத்த ஞாயிறு பிரின்ட்டோடு போனேன்.
சுவரில் எல்லா எண்ணும் அப்படியே.
அவள் பக்கத்துப் பத்தொன்பதும் இருபதும் மட்டும்
ஈரத்துணியின் தடமாகியிருந்தன.

படத்தை வாங்கி, படியின்மேல் விரலை வைத்தாள்.
"இங்கிட்டுல்ல இருக்கு?"

விளக்கினேன்.
சட்டத்தைக் கிட்டத்துக்குத்தான் வெட்டியிருக்கிறார்கள்,
தள்ளிப்போகப் போக ஃபிலிம் கூடுதலாய் அள்ளும்,
கேட்டதில் குறைந்தால்தானே சண்டைக்கு வருவார்கள்,
கூடுதலாய் வந்தால்
யாரும் வாய் திறப்பதில்லை என்று
அப்படிச் செய்கிறார்கள்.

முழுதும் கேட்டாள்.
"அவுக கோடும் இப்பிடித்தானா?
தள்ளி நின்னு போட்டா கூட அள்ளுமா?"

அந்தோணிராஜ் டேப்பைச் சுருட்டுவதில்
திடீரென்று மும்முரமானான்.
எனக்குக் கேமராவைத் தவிர எதுவும் தெரியாது,
அதுவும் போன ஞாயிற்றிலிருந்துதான்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.
வீட்டுவரி ரசீது, கரண்டு பில், பழைய பட்டா நகல்.
"படி இருந்துச்சுன்னு தெரியுதுல்ல இதுல?
தேதி போட்டுக் குடுங்க."

பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதினேன்.
பழக்கத்தில் தூரத்தையும் எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து,
இடது ஓரம், என்றும்.